மல்லாட்டை ஏற வேண்டிய பலகை

திண்டிவனம்
6.2.2025

விழுப்புரம், பதினான்காம் எண் வீட்டு அம்மா அவர்களுக்கு,

என் பெயர் தேவசகாயம். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். போன வியாழக்கிழமை, ஜனவரி முப்பதாம் தேதி காலையில், உங்கள் பக்கத்து வீட்டுக்குப் பிளைவுட் இறக்க வந்த வண்டி என்னுடையதுதான். உங்கள் பூனை மேல் ஏறிய வண்டியும் அதுதான்.

பூனை திடீரென்று குறுக்கே பாய்ந்துவிட்டது. பிரேக் அடிப்பதற்குள் ஏறிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். நீங்கள் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரக்கைக்கூட மறுநாள் இன்னொருவர் வண்டியில்தான் அனுப்பினேன்.

அந்தப் பக்கத்து வீட்டில் வேலை செய்யும் தச்சர் துரைக்கண்ணு அண்ணன் எனக்குப் பழக்கம். பூனை உயிரோடு இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "நேர்ல போவாதடா. அந்தம்மா பேஜாரு பண்ணிடும். ரெண்டு வரி எழுதிப் போடு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். நான் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே என் போன் நம்பர் எழுதியிருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பூனைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ம. தேவசகாயம்

---

விழுப்புரம்
12.2.2025

திரு. தேவசகாயம்,

கடிதம் கிடைத்தது. உங்கள் எண்ணுக்கு நான் அழைக்கப் போவதில்லை. குரலைக் கேட்டால் எனக்கு இரக்கம் வந்துவிடும். முப்பத்தொரு வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணாடி ஓட்டை வழியாக வந்த குரல்களுக்கு எத்தனை முறை இளகினேன், எத்தனை முறை ஏமாந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். நமக்குள் எழுத்தே போதும்.

பூனையின் நிலையைக் கேட்டிருக்கிறீர்கள். கால்நடை மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. இடது பின்னங்காலை ஊசியால் குத்தினாலும் இழுப்பதில்லை. வலது பின்னங்கால் லேசாக அசைகிறது. ஆறு வாரம் கூண்டுக்குள் அசையாமல் இருக்க வேண்டுமாம். கறிக்கடைக்காரரிடம் கோழி வைக்கும் கம்பிக்கூண்டு ஒன்று கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, அதில்தான் போட்டிருக்கிறேன். முதல் பத்து நாள் அதற்குச் சிறுநீர் தானாகப் பிரியவில்லை. காலையும் மாலையும் அடிவயிற்றை அமுக்கி எடுத்தேன். எங்கே அமுக்குவது, எவ்வளவு அமுக்குவது என்று டாக்டர் என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். இரண்டு நாளாகத் தானாகப் போகிறது.

இனி உங்களுக்கு ஒரு விசாரணை. குறுக்கே பாய்ந்த பூனை முன் சக்கரத்தில் மாட்டியிருக்க வேண்டும். இது மாட்டியது பின் சக்கரத்தில். வண்டிக்கு முன்னால் போன பூனை எப்படி வண்டிக்குப் பின்னால் வந்தது? நீங்கள் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பொய்யைப் படிக்க எனக்கு நேரமில்லை.

அதற்கு மல்லாட்டை என்று பெயர். வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறம். வயது ஐந்து. இந்த வீட்டில் நானும் அதுவும்தான் இருக்கிறோம்.

கி. தையல்நாயகி

---

திண்டிவனம்
17.2.2025

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரிதான். நான் எழுதியது பொய்.

பூனை தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. எனக்கும் அதற்கும் பத்தடி இருந்தது. நான் பாட்டுக்கு வந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. நான்தான் வண்டியை நிறுத்திப் பின்னால் எடுத்தேன்.

பூனை குறுக்கே போனால் அப்படியே மேலே போகக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சிலர் வண்டியை ஓரம் கட்டி, வேறு யாராவது அந்த இடத்தைத் தாண்டட்டும் என்று காத்திருப்பார்கள். சிலர் இறங்கி நின்று எச்சில் துப்பிவிட்டு ஏறுவார்கள். நான் நாலடி ரிவர்ஸ் எடுத்துவிட்டு அப்புறம் முன்னால் போவேன். விக்கிரவாண்டி டோல்கேட் லைனில்கூட ஒரு தடவை அப்படி எடுத்து, பின்னால் இருந்த லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அந்த நாலடிக்குள் பூனை திரும்பி வந்திருக்கிறது. கண்ணாடியில் நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான். பங்குச்சாமியிடம் இதைச் சொன்னேன். "சிலுவ போட்டுக்கினுதானடா வண்டிய எடுக்குற? அப்பறம் பூனைக்கு இன்னாத்துக்குப் பயந்த?" என்று கேட்டார்.

வண்டி ஓட்டுவதற்கு முன்னால் எட்டு வருடம் தச்சுப்பட்டறையில் இருந்தேன். கூண்டிலிருந்து வெளியே வந்த பிறகு அதற்கு வீட்டில் ஏறி இறங்க ஏதாவது வேண்டியிருக்கும். அளவு சொல்லுங்கள், செய்து அனுப்புகிறேன். வேண்டாம் என்றாலும் சரிதான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

தேவசகாயம்

---

விழுப்புரம்
23.2.2025

திரு. தேவசகாயம்,

பூனை குறுக்கே போனால் மனிதனுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். மனிதன் குறுக்கே போனால் பூனைக்கு ஆகாது என்று ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இவ்வளவு அற்பமான காரணத்தைக் கற்பனை செய்ய முடியாது. ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் பெயர் சித்ரா. சின்ன வயது, வெட்டொன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கால் போறது பெரிய விஷயம் இல்லீங்கம்மா. மூணு காலு, ரெண்டு காலோட எத்தினியோ பூனைங்க ஜம்முனு இருக்குது. ஆனா ஒரே எடத்துல கெடந்தா புண்ணு வரும், ஒண்ணுக்குல கிருமி வரும், சதை வத்திப்பூடும். வெளிய வரணும்னு அதுவா நெனைக்கணும். அதுக்கு வீட்ட நீங்க ரெடி பண்ணுங்க" என்றார். அது நினைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். வலியில்லாத ஊசி இருக்கிறது என்றார். சித்திரை முதல் தேதி வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தானாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக அது ஆசைப்படவில்லை என்றால், ஊசிக்குச் சம்மதிப்பேன். எதற்கும் கெடு வேண்டும். இல்லாவிட்டால் என் ஆசைக்காக அதை வைத்து வதைப்பேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகள் கவிதா இப்போதே சம்மதிக்கச் சொல்கிறாள். "ஒரு பூனைக்கோசரம் வீட்டையே கொடவுன் மாதிரி பண்ணிக்கினு இருக்கியேம்மா" என்று வீடியோவில் பார்த்துவிட்டுக் கத்தினாள். கொடவுன்தான். தரை முழுக்க வழுவழுப்பான டைல்ஸ், அவளே ஆசைப்பட்டுப் போடச் சொன்னது. அதன்மேல் பூனை இரண்டு முன்னங்காலால் இழுத்துக்கொண்டு போனால் நீச்சலடிப்பதுபோல நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே கட்டிலிலிருந்து சமையலறை வரை ரப்பர் பாய் விரித்து ஒரு பாதை போட்டிருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒரு செங்கல் உயரத்தில் வைத்தாயிற்று. குனிந்தால் அதற்கு இடுப்பு தாங்காது. அது வெளிக்குப் போகும் மண் தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தைத் தரையோடு தரையாக வெட்டச் சொன்னேன். துரைக்கண்ணு வெட்டிக்கொடுத்தார். மணலும் பக்கத்து வீட்டுக் கட்டட மணல்தான், சலித்தது.

மிச்சம் இருப்பது சன்னல். தெருவைப் பார்த்த சன்னல் திண்டில்தான் அது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். காக்கை, அணில், பால்காரர், எதிர்வீட்டு நாய் எல்லாவற்றையும் கணக்கெடுக்கும். திண்டு தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். முன்பு ஒரே தாவு.

அளவு கொடுத்துவிட்டேன். பொருள் வரட்டும். நீங்கள் வர வேண்டாம்.

தையல்நாயகி

---

திண்டிவனம்
9.3.2025

அம்மா அவர்களுக்கு,

துரைக்கண்ணு அண்ணன் கையில் பலகை அனுப்பியிருக்கிறேன். நாலடி நீளம், ஒரு அடி அகலம், நல்ல வேப்பம்பலகை. பூனை வழுக்காமல் இருக்க, குறுக்கே ஆறு இடத்தில் மெல்லிய ரீப்பர் சட்டம் அடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் கோழி பரணுக்கு ஏற இப்படித்தான் செய்வார்கள். மேல் முனையில் இரண்டு கொக்கி இருக்கிறது. சன்னல் கம்பியில் மாட்டினால் போதும், சுவரில் ஆணி அடிக்க வேண்டாம்.

இது எங்களுக்குத் தவக்காலம். கறி, மீன் இல்லை. சாயங்காலம் லோடு முடிந்ததும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் மனைவி லூர்துமேரி, "நாப்பது நாளு ஒருசந்தி இருந்தா போதாதுன்னு பூனைக்கு வேற படி கட்டிக்கினு இருக்குது இந்தாளு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம். சிரிக்கட்டும்.

கூண்டிலிருந்து எப்போது வெளியே விடுகிறீர்கள்?

தேவசகாயம்

---

விழுப்புரம்
18.3.2025

தேவசகாயம்,

வியாழக்கிழமை டாக்டர் மறுபடி படம் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது. இடது கால் கடைசி வரை வராது. வலது கால் ஊன்றும், ஆனால் நம்ப முடியாது. அன்று மாலையே கூண்டைத் திறந்தேன். வெளியே வந்தது. நேராகக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டது. ஐந்து நாளாக அங்கேயேதான் இருக்கிறது. தட்டை அருகில் தள்ளினால் சாப்பிடுகிறது. மண் தட்டை அருகில் தள்ளினால் போகிறது. நான் போட்ட பாதையில் ஒரு முழம்கூட நடக்கவில்லை.

உங்கள் பலகைக்கு வருகிறேன். இரண்டரை அடி உயரத்துக்கு நாலடி நீளம் என்பது எனக்கே மூச்சு வாங்கும் ஏற்றம். அது போகட்டும். கோழிக்கு இரண்டு கால் உண்டு, தூக்கி வைத்து ஏறும். இது இடது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு வருகிற பிராணி. நேற்று நானே தூக்கிப் பலகையின் அடியில் விட்டேன். இரண்டு ரீப்பர் தாண்டியது. மூன்றாவதில் செத்த கால் மாட்டிக்கொண்டது. உணர்வில்லாததால் அதற்குத் தெரியவில்லை, இழுத்திருக்கிறது. கணுக்காலில் தோல் உரிந்துவிட்டது. மருந்து போட்டிருக்கிறேன். உடனே கட்டிலுக்கடியில் திரும்பிப் போய்விட்டது.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத வந்தேன். எழுதும்போது கோபம் வந்துவிட்டது. பலகையைத் துரைக்கண்ணுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தையல்நாயகி

---

திண்டிவனம்
25.3.2025

அம்மாவுக்கு,

கோழியை மனதில் வைத்துக்கொண்டு பூனைக்குச் செய்தது என் முட்டாள்தனம். இந்தத் தடவை, செய்வதற்கு முன்னால் என் ஒரு காலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தரையில் கையால் நகர்ந்து பார்த்தேன். லூர்துமேரி இப்போது சிரிப்பதில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். ஆனால் அப்படி நகர்ந்தபோதுதான் தெரிந்தது. பிடிக்கக் கைக்கு ஏதாவது வேண்டும், இழுபடுகிற காலுக்கு ஒன்றுமே இருக்கக் கூடாது.

புதிய பலகை இரண்டு துண்டு. சுவரோரமாக ஐந்தடி ஏறினால் நடுவில் ஒரு சின்ன மேடை, அங்கே படுத்து மூச்சு வாங்கலாம். அங்கிருந்து திரும்பி இன்னொரு ஐந்தடி. ரீப்பர் கிடையாது. பலகை முழுக்க ஜமுக்காளம் இழுத்து அடித்திருக்கிறேன். நகம் பிடிக்கும், கால் உரசாது. எங்கள் கல்யாண ஜமுக்காளம் அது. லூர்துமேரியே எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் மூன்று விரல் உயரத்துக்குக் கரை வைத்திருக்கிறேன், சரிந்தாலும் கீழே விழாது. நகத்தை மட்டும் அடிக்கடி பாருங்கள். ஓடாத பூனைக்கு நகம் தேயாது, ஜமுக்காளத்தில் மாட்டிக்கொள்ளும்.

கூடவே ஒரு பொட்டலம் இருக்கும். குப்பைமேனி வேர். வளவனூர் போகிற வழியில் வரப்போரம் பிடுங்கினேன். பூனைவணங்கி என்றும் இதைச் சொல்வார்கள். வேரைக் கசக்கிப் போட்டால் பூனை புரண்டு புரண்டு விளையாடும். நாலு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, ஒன்றில் வேர், ஒன்றில் ஒரு துண்டு வேகவைத்த மீன் என்று வழியெல்லாம் வையுங்கள். தேடட்டும். தட்டு தானாகப் பக்கத்தில் வந்தால் எதற்கு எழுந்து வரும்?

ஒரு சந்தேகம் அம்மா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சன்னல் பக்கம் நின்று அதைக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

தேவசகாயம்

---

விழுப்புரம்
28.3.2025

தேவசகாயம்,

பலகை வந்தது. சரியாக இருக்கிறது. நானே கையால் அழுத்தித் தடவிப் பார்த்தேன், எங்கும் ஆணி தலை நீட்டவில்லை. உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

வேருக்கு மயங்கியது உண்மைதான். கட்டிலுக்கடியிலிருந்து முதல் கொட்டாங்கச்சி வரை வந்து, அதைக் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் புரண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு திரும்பிப் போய்விட்டது. இரண்டாவது கொட்டாங்கச்சிக்கு வரவில்லை.

உங்கள் சந்தேகத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

தையல்நாயகி

---

திண்டிவனம்
5.4.2025

அம்மாவுக்கு,

ஒரு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் எழுதியதில் ஏதோ உங்களை வருத்தியிருக்கிறது. என்னவென்று கேட்கவில்லை.

நேற்றுத் துரைக்கண்ணு அண்ணன் போன் செய்தார். கதவுக்கு அளவு எடுக்கும்போது உங்கள் சன்னலைப் பார்த்தாராம். "பலக போட்டது போட்டபடி கெடக்குது. அந்தம்மா நாற்காலிய இஸ்துப் போட்டுக்கினு பலகைக்கு எதுக்க உக்காந்துக்கினு இருக்குது. பூனையக் காணோம்" என்றார்.

சித்திரைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. கெடு வைத்தது நீங்கள், அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஊசி போட்டால், ஜனவரி முப்பதாம் தேதி நான் செய்தது அன்றைக்குத்தான் முடியும். அது வேண்டாம் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எனக்காகத்தான் வேண்டுகிறேன், பூனைக்காக இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேவசகாயம்

---

விழுப்புரம்
8.4.2025

தேவசகாயம்,

நீங்கள் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுதுகிறேன்.

அன்று காலை மல்லாட்டை தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரோரம் போய்விட்டாள். நான் கேட்டுக்கு உள்ளே தட்டோடு நின்றிருந்தேன். அவளுக்குச் சாப்பாடு ஏழரைக்கு. ஏழரை ஆகி இரண்டு நிமிடம். நேரம் தவறினால் எனக்குப் பிடிக்காது. "மல்லாட்ட, வாடி" என்று கூப்பிட்டேன். எங்கே இருந்தாலும் என் குரலுக்குத் திரும்புவாள். உங்கள் வண்டி நின்றதைப் பார்த்தேன். பின்னால் நகர்வதையும் பார்த்தேன். அதற்குள் வந்து சேரட்டும் என்று இன்னும் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

அவள் வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி ஓடி வந்தது அதற்குத்தான். அவள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் நீங்கள் நாலடி பின்னால் வந்தாலும் நாற்பது அடி வந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

முன் சக்கரமா பின் சக்கரமா என்று உங்களை விசாரித்தேனே, அப்போதே எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் உண்மையை எழுதி அனுப்பினீர்கள். நான் என் பங்கை எழுதவில்லை. முழுவதையும் உங்கள் மேல் போட்டுவிட்டால் இரவில் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அன்றிலிருந்து அவளைப் பெயர் சொல்லி நான் கூப்பிடவில்லை. தட்டை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறேன். மருந்து போடும்போதும் வாயைத் திறப்பதில்லை. பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று நாள் முயன்றேன். வாய்வரை வருகிறது, சத்தம் வரவில்லை. கூப்பிட்டு அவள் வராமல் போனால் தாங்க மாட்டேன். கூப்பிட்டு வந்துவிட்டால், என்னை நம்பி மறுபடியும் வருகிறாளே என்று அதையும் தாங்க மாட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, தேவசகாயம். இதைத் துரைக்கண்ணு கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் திரும்ப வாங்கிவிடுவேன். அஞ்சலகத்தில் எனக்கு ஆள் பழக்கம்.

தையல்நாயகி

---

திண்டிவனம்
9.4.2025

அம்மாவுக்கு,

எனக்குத் தெரியும்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே துரைக்கண்ணு அண்ணன் போனில் சொல்லிவிட்டார். "ஏன்டா மனச வுட்டுக்கினு கெடக்குற? அந்தம்மா கூப்ட்டுது, பூனை திரும்பி ஓடியாந்துது, நீ பின்னால எடுத்த. ரெண்டு பேரு மேலயும்தான் தப்பு" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலாக இருந்ததை நினைத்துத்தான் அசிங்கமாகிவிட்டது. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நீங்கள் விசாரணை கேட்டபோது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால், என் பாரத்தில் பாதியை உங்கள் தலையில் இறக்கி வைத்தமாதிரி ஆகியிருக்கும். நீங்கள் கூப்பிட்டது சோறு போட. நான் பின்னால் எடுத்தது ஒரு மூடத்தனத்துக்காக. அதுவும் பின்னால் பார்க்காமல். இரண்டும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள் அம்மா. சக்கரம், ரிவர்ஸ், யார் மேல் தப்பு என்பதெல்லாம் அந்தப் பூனைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டுதான். இடுப்பு வலிக்கிறது. அன்றிலிருந்து நீங்கள் பேசவில்லை. போன வருடம் லூர்துமேரி என்னோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தாள். சோறு மட்டும் வைப்பாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் வண்டியிலேயே படுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. மல்லாட்டையும் அப்படித்தான் கட்டிலுக்கடியில் கிடக்கிறதோ என்னவோ. அதன் மேல் உங்களுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

கூப்பிடுங்கள் அம்மா. வராவிட்டால் அடுத்த நாளும் கூப்பிடுங்கள். ஐந்து நாள் இருக்கிறது.

தேவசகாயம்

---

விழுப்புரம்
14.4.2025

தேவசகாயம் தம்பிக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் கைக்கு வந்தது. வெள்ளியும் சனியும் என்னால் முடியவில்லை. ஞாயிறு காலை கவிதா பேசினாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இவ்ளோ நாளா இத உள்ள வெச்சிக்கினா இருந்த?" என்று கேட்டாள். அப்புறம் அவளும் அழுதாள், நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் சன்னலருகே நின்று கூப்பிட்டேன். எனக்கே கேட்காத குரல். அவள் வரவில்லை. ஆனால் கட்டிலுக்கடியில் இரண்டு காதும் இந்தப் பக்கம் திரும்பின. உடனே இன்னொரு முறை கூப்பிடாமல் விட்டுவிட்டேன். அவசரப்படுத்த எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை ஏழரைக்குத் தட்டைச் சன்னல் திண்டின் மேல் வைத்தேன். டாக்டர் சித்ராவைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். "மல்லாட்ட, வாடி" என்றேன். பழைய குரலிலேயே, தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

வந்தாள். ரப்பர் பாயில் அரையடி அரையடியாக. பலகையின் அடியில் வந்து நின்று முகர்ந்து பார்த்தாள். முன்னங்கால் இரண்டையும் ஜமுக்காளத்தில் ஊன்றி உடம்பை இழுத்தாள். வலது கால் இரண்டு முறை ஊன்றியது, ஒரு முறை மடங்கியது. கரையில் சாய்ந்து நின்றுகொண்டாள், விழவில்லை. நடு மேடையில் போய்ப் படுத்துவிட்டாள். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தூக்கிவிடலாமா என்று கை நீண்டது. தூக்கவில்லை. மறுபடி பெயரைச் சொன்னேன். நாலு நிமிடம் கழித்து எழுந்து மீதியையும் ஏறினாள்.

தட்டைத் தொடவில்லை. நேராக என்னிடம் வந்தாள். கையை நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நன்றாகக் கடித்தாள். இரண்டரை மாதக் கோபத்தை ஒரே கடியில் தீர்த்துக்கொண்டுதான் விட்டாள். பிறகு அந்தக் கையின் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் வந்தபோதும் நான் கையை எடுக்காமல் அப்படியேதான் நின்றிருந்தேன். அவர் கொண்டுவந்த பையைத் திறக்கவே இல்லை. என் காயத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரும் ஞாயிறு உங்களுக்கு ஈஸ்டர். அதற்கு அடுத்த ஞாயிறு உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம். உங்களையும் கடிக்கக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தையல்நாயகி